மயிரிழையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு

குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி சின்னக் குப்பியில் மஞ்சள் பொடியாக வரும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் கரும்பூஞ்சையை வளர்த்துப் பிரித்தெடுக்கப்படுவது. அந்த மஞ்சள், நொதியின் உடலுக்குள் புதைந்திருக்கும் ஃபிளேவின் என்ற சிறு மூலக்கூறின் நிறம். வைட்டமின் பி2-க்கு நெருங்கிய உறவு அது. பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துக் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரில் போட்டால் உடனே வேலையைத் தொடங்கிவிடும். குளுக்கோஸைப் பிடித்து அதிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பறிக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனிடம் அவற்றைக் கொடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஆக்கும். ஒரே மூலக்கூறு ஒரு விநாடிக்குள் இதை நூற்றுக்கணக்கான முறை செய்யும். பக்கத்திலேயே ஃபிரக்டோஸ் மிதந்தாலும் ஏறெடுத்துப் பார்க்காது. சோதனை முடிந்து தண்ணீரைக் கொட்டினால் நொதியும் அதோடு சாக்கடைக்குப் போய்விடும்.

நொதியைக் கொண்டு அளக்கும் கருவி செய்ய வந்தவர்களுக்கு முதல் தலைவலி இதுதான். இவ்வளவு கூர்மையாக ஆள் அடையாளம் தெரிந்த ஒரு மூலக்கூறை எப்படி ஓரிடத்தில் கட்டிப்போடுவது? கட்டிப்போட்டால் அது உயிரோடு இருக்குமா? இரண்டாவது கேள்விக்கு 1916-லேயே ஒரு பதில் கிடைத்துவிட்டது. நெல்சன், கிரிஃபின் என்ற இரு அமெரிக்க வேதியியலாளர்கள், சர்க்கரையை உடைக்கும் இன்வெர்டேஸ் நொதி கரித்தூளில் ஒட்டிக்கொண்ட பிறகும் பழையபடி வேலை செய்வதைக் கண்டார்கள். அந்தச் செய்தி நாற்பது ஐம்பது ஆண்டுகள் யாருக்கும் பெரிதாகப் பயன்படாமல் கிடந்தது.

பிறகு வந்தவர் லீலண்ட் கிளார்க். இதய அறுவைச் சிகிச்சையின்போது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க 1956-இல் ஒரு மின்முனையைச் செய்து புகழ்பெற்றிருந்தவர். 1962-இல் லயன்ஸ் என்பவருடன் சேர்ந்து, அதே மின்முனையின் முகப்பில் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே குளுக்கோஸ் ஆக்சிடேஸ் கரைசலை அடைத்து வைத்தால் குளுக்கோஸையே அளக்கலாம் என்று எழுதினார். குளுக்கோஸ் கூடினால் நொதி ஆக்சிஜனை அதிகமாகத் தின்னும். மின்முனையில் ஆக்சிஜன் குறையும். குறைந்த அளவைக் கொண்டு குளுக்கோஸைக் கணக்கிடலாம். 1967-இல் அப்டைக், ஹிக்ஸ் இருவரும் நொதியைப் பாலிஅக்ரிலமைடு கூழுக்குள் சிறைவைத்து மின்முனை மேல் பூசினார்கள். நொதியைக் கொண்டு அளக்கும் இன்றைய உயிரி உணரிகள் எல்லாம் இந்த இரண்டு கட்டுரைகளின் வாரிசுகள்.

கூழ் நல்ல சிறைதான். ஆனால் மந்தமானது. அந்தக் காலத்து நொதி மின்முனைகளில் பல, மாதிரியில் வைத்த பிறகு ஒரு நிலையான எண்ணைக் காட்ட அரை நிமிடம் முதல் சில நிமிடங்கள் வரை எடுத்துக்கொண்டன. நொதிக்கு ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான குளுக்கோஸை முடிக்கும் திறமை இருந்தும், குளுக்கோஸ் அதனிடம் வந்து சேர நேரமாயிற்று.

மூலக்கூறுகள் தாமாகப் பரவும் விரவலின் விதி விசித்திரமானது. ஒரு மூலக்கூறு நடந்து போவதில்லை. திக்குத் தெரியாமல் தடுமாறிப் போகிறது. ஆகவே தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்கு. தண்ணீரில் குளுக்கோஸ் தடுமாறும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 0.1 மில்லிமீட்டர் தடிமனைக் கடக்கச் சுமார் ஏழெட்டு விநாடி ஆகிறது. கூழுக்குள் இன்னும் கூடுதலாகும். இப்போது அந்தத் தடிமனை ஆயிரத்தில் ஒரு பங்காக, அதாவது 100 நானோமீட்டராகக் குறையுங்கள். நேரம் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிறது: ஏழெட்டு மைக்ரோ விநாடி. அப்புறம் குளுக்கோஸ் உள்ளே நுழையும் நேரம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடலாம்.

குளுக்கோஸ் ஆக்சிடேஸ் ஒன்றின் நீளம் சுமார் 8 நானோமீட்டர். தலைமுடி ஒன்று 80 மைக்ரான் தடிமன் என்றால் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு, ஒரு நொதி உயரத்துக்கு, ஒரு படலத்தைச் செய்ய முடியுமா?

அவ்வளவு மெல்லிய படலங்களை அளந்து பார்க்கும் கலை ஒரு சமையலறையில் வளர்ந்தது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் பாக்கெல்ஸ், பெண்களைப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளாத காலத்தவர். வீட்டில் பெற்றோரைக் கவனித்துக்கொண்டே, நீளமான ஒரு தகரத் தொட்டியில் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தி, நீரின் மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் பிசுக்கைக் கூட்டியும் குறுக்கியும் அளந்தார். இயற்பியல் படித்த தம்பியிடமிருந்து புத்தகங்கள் கிடைத்தன. 1891-இல் அவர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதத்தை, ராலே அப்படியே நேச்சர் இதழுக்கு அனுப்பி வெளியிடச் செய்தார். இன்று இந்தத் துறையின் ஒவ்வொரு ஆய்வகத்திலும் இருக்கும் தொட்டிக்கு லாங்மியர் பெயர். அவர் நோபல் பெற்றவர், தகுதியானவர், மறுக்கவில்லை. ஆனாலும் தொட்டி பாக்கெல்ஸுடையது.

இர்விங் லாங்மியர் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஸ்கெனெக்டடி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். நீர்மேல் படரும் கொழுப்பு அமிலம் சரியாக ஒரே ஒரு மூலக்கூறு உயரத்துக்கு, தலை தண்ணீரிலும் வால் காற்றிலுமாக நிற்கிறது என்று 1917-இல் காட்டினார். அங்கே அவரோடு பணியாற்றிய கேத்ரின் பிளாட்ஜெட் அடுத்த படியை எடுத்தார். படலம் மிதக்கும் தண்ணீருக்குள் ஒரு கண்ணாடித் தகட்டைச் செங்குத்தாக மெல்ல இறக்கி ஏற்றினால், ஒவ்வொரு முறையும் ஒரு மூலக்கூறு உயரத்துக்கு ஓர் அடுக்கு தகட்டில் ஏறுகிறது. எத்தனை முறை முக்கினோமோ அத்தனை அடுக்கு. பேரியம் ஸ்டியரேட்டை இப்படி 44 அடுக்கு ஏற்றி, ஒளியைத் திருப்பி அனுப்பாத கண்ணாடியை 1938-இல் அவர் காட்டினார். அதே ஆண்டில் லாங்மியரும் வின்சென்ட் ஷேஃபரும் யூரியேஸ், பெப்சின் ஆகிய நொதிகளின் ஒற்றைப் படலங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் நொதியின் வேலை மிஞ்சியிருக்கிறதா என்று சோதித்துக் கட்டுரை எழுதினார்கள். உயிரி உணரி என்ற சொல்லே பிறக்காத காலம் அது.

சோதிக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது என்றால், புரதத்துக்கும் காற்றுக்கும் ஆகாது. நொதி என்பது மடிந்து சுருண்ட நீண்ட சங்கிலி. தண்ணீரை விரும்பும் பகுதிகள் வெளியேயும் வெறுக்கும் பகுதிகள் உள்ளேயுமாக அது மடிந்திருக்கிறது. நீர்ப்பரப்பில் காற்றைச் சந்தித்ததும், உள்ளே பதுங்கியிருந்த பகுதிகள் காற்றுப் பக்கம் வெளிவரப் பார்க்கின்றன. மடிப்பு குலைகிறது. முட்டையின் வெள்ளைக்கருவை அடித்தால் நுரை கெட்டியாக நிற்பது இதனால்தான். கேக் செய்பவருக்கு நல்லது, உணரி செய்பவருக்கு நஷ்டம். பின்னால் வந்தவர்கள், முதலில் கொழுப்பு மூலக்கூறுகளை நீர்மேல் பரப்பி, நொதியைக் கீழே தண்ணீரிலேயே கரைத்து வைத்து, அதுவாக வந்து கொழுப்பின் தலைப்பகுதியில் ஒட்டிக்கொள்ளச் செய்து இதைச் சமாளித்தார்கள். படலங்கள் அழகாக வந்தன. ஆனால் அதிர்வில்லாத மேசை, தூசியில்லாத அறை, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் முக்கும் பொறி, அதற்குப் பொறுமையுள்ள ஓர் ஆராய்ச்சி மாணவர் எல்லாம் வேண்டும். தொழிற்சாலைக்கு இது சரிப்படாது.

சரிப்பட்டு வந்த முறை வெட்கப்படும் அளவுக்கு எளிமையானது. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கெரோ டெஹர் அதை நிலைநாட்டினார். எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்க்கும் என்ற பள்ளிக்கூடப் பாடம் மட்டுமே அதன் அடிப்படை. (டூபாண்ட் கம்பெனியின் ஐலர், கூழ்மத் துகள்களைக் கொண்டு இதே யோசனையை 1966-இல் வெளியிட்டிருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.)

நொதிக்கு அதைச் செய்யும் விதம் இப்படி. ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு சம மின்புள்ளி உண்டு, அந்த பி.எச். அளவுக்கு மேலே போனால் புரதம் எதிர்மின்னூட்டம் கொள்ளும். குளுக்கோஸ் ஆக்சிடேஸுக்கு அது சுமார் 4.2. ஆகவே நடுநிலையை ஒட்டிய கரைசலில் அது நல்ல எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். பாலிஎத்திலீனிமின் என்ற நேர்மின்னூட்டமுள்ள பலபடியை இன்னொரு பீக்கரில் எடுத்துக்கொள்ள வேண்டும். சுத்தம் செய்த மின்முனையை முதலில் பலபடியில் பத்து இருபது நிமிடம் முக்கி எடுக்கவும். தண்ணீரில் அலசவும். பிறகு நொதியில் முக்கவும். மறுபடி அலசவும். மீண்டும் பலபடி, அலசல், நொதி, அலசல். ஒவ்வொரு முக்கிலும் பரப்பின் மின்னூட்டம் நேருக்கு எதிராக, எதிருக்கு நேராக மாறுகிறது; மாறியதும் அதே வகை மூலக்கூறு இனி ஒட்ட முடியாது. அடுக்கு தானாக நின்றுவிடுகிறது. முக்கிய வேலை அலசல்தான். அவசரப்பட்டு அதைக் குறைத்தால், மின்முனையில் தொங்கிக்கொண்டு வந்த பலபடி நொதிக் கரைசலில் கலந்து, பீக்கர் முழுவதும் கலங்கி அடியில் வண்டலாகப் படிந்துவிடும். அன்றைய நொதி வீண்.

அடுக்கு ஏறுகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. அதிரும் குவார்ட்ஸ் படிகத்தின் மேல் படலத்தை ஏற்றி, அதன் அதிர்வெண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். எடை கூடக் கூட அதிர்வெண் குறையும் என்ற சவர்ப்ரேயின் 1959-ஆம் ஆண்டுச் சமன்பாடு இதற்குப் போதும். ஒவ்வொரு நொதி முக்குக்கும் ஒரே அளவு இறக்கம், படிக்கட்டு போட்டதுபோல வரைபடத்தில் விழும். 1995-இல் யூரி லுவோவ், குனிடகே முதலானோர் ஜப்பானில் பல புரதங்களை இப்படி அடுக்கிக் காட்டினார்கள். காற்றைச் சந்திக்க வேண்டியதில்லை என்பதால் நொதி பெரும்பாலும் மடிப்புக் குலையாமல் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த படலம் மூன்றாவது ஒன்று. இத்தாலியின் பாரி நகரில் பல்மிசானோ, சம்போனின் குழுவினர் 1990-இல் வெளியிட்டது. ஆர்த்தோ ஃபினைலின்டையமின் என்ற சிறு மூலக்கூறையும் குளுக்கோஸ் ஆக்சிடேஸையும் ஒரே கரைசலில் கலந்து, அதில் பிளாட்டினம் மின்முனையை வைத்து மின்னழுத்தம் கொடுத்தார்கள். சிறு மூலக்கூறுகள் மின்முனை மேலேயே ஒன்றோடொன்று கோத்துப் பலபடியாகின்றன. பக்கத்தில் இருந்த நொதிகள் அதற்குள் சிக்கிக்கொள்கின்றன. இந்தப் பலபடி மின்சாரத்தைக் கடத்தாது. எனவே படலம் வளர வளர, அதை வளர்க்கும் மின்னோட்டத்தை அதுவே அடைத்துக்கொள்கிறது. சுமார் 10 நானோமீட்டர் வந்ததும் வளர்ச்சி நின்றுபோகிறது. யாரும் நேரம் பார்த்து நிறுத்த வேண்டியதில்லை. உணரி ஒரு விநாடிக்குள் பதில் சொன்னது. கூடவே இன்னொரு நன்மை: ரத்தத்தில் இருக்கும் வைட்டமின் சி, யூரிக் அமிலம், நோயாளி காலையில் போட்டுக்கொண்ட பாராசிட்டமால் எல்லாம் மின்முனையைத் தொட்டால் தாங்களும் எலக்ட்ரானைக் கொடுத்துக் குளுக்கோஸ் அளவைப் பொய்யாக உயர்த்தும். இந்தப் படலம் அவற்றைப் பெருமளவு வெளியே நிறுத்தி, சின்னஞ்சிறு ஹைட்ரஜன் பெராக்சைடை மட்டும் உள்ளே விட்டது.

இவ்வளவு சொன்ன பிறகு, மெல்லிய படலம்தான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று வாசகர் நினைக்கக்கூடும். ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல அப்படித்தான் எழுதப்படுகின்றன. ஆனால் மருந்துக்கடையில் விற்பது வேறு கதை சொல்கிறது.

ஒரு சதுர சென்டிமீட்டரில், இடைவெளியில்லாமல் நிறுத்தினால், சுமார் 2 லட்சம் கோடி குளுக்கோஸ் ஆக்சிடேஸ் மூலக்கூறுகள் ஓர் அடுக்கில் நிற்கும். பெரிய எண்தான், ஆனால் எடையில் சுமார் அரை மைக்ரோகிராம்தான் தேறும். ஓர் அடுக்கில் எல்லா நொதியும் வேலை செய்தாக வேண்டும். ஓய்வில் இருப்பவர் யாரும் இல்லை. வாரம் ஒன்று கழிந்து பத்தில் இரண்டு நொதி செயலிழந்தால், மின்னோட்டமும் பத்தில் இரண்டு பங்கு குறையும். கருவி அதைக் குளுக்கோஸ் குறைந்ததாகவே காட்டும்.

தடித்த படலத்தில் நடப்பது நேர்மாறானது. உள்ளே நுழையும் குளுக்கோஸை மேற்பகுதியில் இருக்கும் நொதிகளே முடித்துவிடுகின்றன. அடியில் இருப்பவை சும்மா கிடக்கின்றன. மேலே உள்ளவை செத்தால் கீழே உள்ளவை அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது நொதிகளின் எண்ணிக்கை அல்ல, குளுக்கோஸ் வந்து சேரும் வேகம். அந்த வேகத்தை மேலே ஒரு சவ்வைப் போர்த்தி நாமே கட்டுப்படுத்தலாம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஹெல்லர், ஆஸ்மியம் சேர்மங்கள் கோத்த நீர்க்கூழில் நொதியை வைத்து, நொதிக்குள்ளிருந்து எலக்ட்ரானை மின்முனை வரை கைமாற்றிக் கொண்டுவரும் வழியைக் கண்டார். அந்த வழியில் வந்த ஃப்ரீஸ்டைல் லிப்ரே உணரி, மேலே ஒரு கட்டுப்படுத்தும் சவ்வோடு, கையில் ஒட்டிய நிலையில் சுமார் இரண்டு வாரம் ஓடுகிறது. ஒற்றை அடுக்கை நம்பி இப்படி ஒரு கருவியைச் சந்தைக்கு அனுப்ப நான் துணியமாட்டேன்.

ஆக, மெல்லிய படலத்தின் குறை என்ன? நொதி சாவதை அது மறைப்பதில்லை. சரி, நொதியின் சாவைத்தான் அளக்க வேண்டும் என்றால்?

பூச்சிக்கொல்லி உணரிகளுக்குத் தேவை அதுவே. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் பூச்சியையும், தெளிக்கும் மனிதரையும் ஒரே வழியில் தாக்குகின்றன. நரம்புச் சந்திப்பில் அசிட்டைல்கோலினை உடைத்துத் துப்புரவு செய்யும் அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியின் வினை நடக்கும் பள்ளத்தில், செரின் என்ற அமினோ அமிலத்தோடு இறுகப் பிணைந்துகொள்கின்றன. நொதி முடங்குகிறது. மருந்தடிக்கப் போனவர் வாந்தியும் எச்சிலும் ஒழுகி மயங்கிக் கிடந்தால் நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் அட்ரோபின் ஏற்றுவது, சேர்ந்துபோன அசிட்டைல்கோலினின் ஆட்டத்தை அடக்கத்தான்.

இந்த நொதியை மின்முனையில் கட்டி, மாதிரித் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, அதன் வேகம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் விஷத்தின் அளவு தெரியும். இங்கே தடித்த படலம் உதவாது; மேலே பத்து நொதி செத்தாலும் கீழே இருப்பவை நிலைமையைச் சமாளித்து, எல்லாம் நலம் என்று காட்டிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. குடிநீரில் எந்தத் தனிப் பூச்சிக்கொல்லியும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. அந்த வரம்பில் பாராக்ஸான் என்ற ஆர்கனோபாஸ்பேட் இருக்கும் தண்ணீரில் ஒரு மில்லிலிட்டர் எடுத்தால், அதில் சுமார் 20,000 கோடி விஷ மூலக்கூறுகள் இருக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் மின்முனையில் ஒற்றை அடுக்காக நொதியை நிறுத்தினால் சுமார் 2,000 கோடி நொதிகள். ஒரு நொதிக்குப் பத்து விஷ மூலக்கூறுகள். எல்லாம் வந்து சேராது. பத்தில் ஒரு பங்கில் பாதி வந்தாலே மின்னோட்டம் பாதியாகிவிடும். அதே மின்முனையில் நூறு மடங்கு நொதியைக் கூழில் குழைத்துப் பூசியிருந்தால், அத்தனை விஷமும் வந்து சேர்ந்தால்கூடப் பத்தில் ஒரு நொதிதான் சாகும். அதையும் கூழ் மறைத்துவிடும். ஓர் அடுக்கு, ஒரு சின்னப் புள்ளி: அளப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. பாராதியான் போன்ற மருந்துகள் அப்படியே நொதியை முடக்குவதில்லை. நம் கல்லீரல் அவற்றை ஆக்சிஜனேற்றிய பிறகே (பாராதியான் பாராக்ஸான் ஆன பிறகே) கடிக்கின்றன. ஆகவே மாதிரியை முதலில் புரோமின் நீரால் ஆக்சிஜனேற்ற வேண்டும். கார்பமேட் வகை மருந்துகளும், சில கன உலோகங்களும் இதே நொதியைத் தடுக்கும். விஷம் இருக்கிறது என்று உணரி சொல்லும். எந்த விஷம் என்று சொல்லாது.

அதைச் சொல்ல இன்னொரு நொதி நெல்வயல் சேற்றிலிருந்து வந்தது. பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இந்திய மண் நுண்ணுயிரியலாளர் என். சேதுநாதனும் யோஷிடாவும், டயசினான் என்ற பூச்சிக்கொல்லி தெளித்த வயலிலிருந்து அந்த மருந்தையே தின்னும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்து 1973-இல் வெளியிட்டார்கள். இத்தகைய பாக்டீரியாக்களில் இருக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் ஹைட்ரோலேஸ் என்ற நொதி, விஷத்திடம் தோற்காமல் அதை வெட்டிப் போடுகிறது. பாராக்ஸானை ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கில் வெட்டும். வெட்டும்போது வெளிப்படும் பாராநைட்ரோபீனால் காரக் கரைசலில் மஞ்சளாகத் தெரியும். இந்த நொதியையும் பலபடிகளோடு அடுக்கடுக்காகக் கட்டி உணரிகள் செய்திருக்கிறார்கள். கார்பமேட்டைக் கண்டால் இது ஏமாறாது. ஆனால் வெட்டினால்தான் தெரியும் என்பதால், அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் உணரும் அளவுக்குச் சிறிய தடயத்தை இது பொதுவாகக் காணாது.

இந்தத் துறையில் ஆண்டுதோறும் வெளிவரும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலானவற்றில் உணரி வடிகட்டிய நீரில், தாங்கல் கரைசலில், ஆய்வக வெப்பநிலையில் அருமையாக வேலை செய்யும். வாய்க்கால் தண்ணீரில் மண்ணும் மட்கும் உப்பும் உண்டு. மின்னூட்டத்தால் கட்டிய அடுக்குகள் உப்பு கூடினால் தளரும். அறை வெப்பநிலையில் ஒரு மாதம் அலமாரியில் கிடந்தால் ஒற்றை அடுக்கு நொதியில் எவ்வளவு மிஞ்சும் என்பது வேறொரு விவகாரம். சீனாவின் காய்கறிச் சந்தைகளில் பூச்சிக்கொல்லியைச் சோதிக்க இன்றும் பயன்படுவது கோலினெஸ்டெரேஸ் ஊறிய சாதாரணக் காகித அட்டை. நானோமீட்டர் கணக்கெல்லாம் அதில் இல்லை. உலர்ந்த காகிதத்தில் நொதி நெடுநாள் தாங்குகிறது, விலை குறைவு, யாரும் பார்த்து நிறம் சொல்லிவிடலாம்.

ஆகவே அடுத்த முறை செய்தித்தாளில் நானோ படலத்தில் புதிய உணரி கண்டுபிடிப்பு என்று படித்தால், எவ்வளவு குறைந்த அளவைக் கண்டது என்ற எண்ணைப் பார்த்து மலைத்துப் போகாதீர்கள். மூலக் கட்டுரையை எடுத்துப் படிக்க முடிந்தால் அதில் இரண்டைத் தேடுங்கள்: எந்தத் தண்ணீரில் சோதித்தார்கள், படலம் செய்து எத்தனையாவது நாளில் சோதித்தார்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், அந்த உணரி இன்னும் ஆய்வகத்தை விட்டு வெளியே வரவில்லை.